செடி அடையாளம் பார்க்க வருகிறவரே செடி விற்பவராகவும் இருந்தால் கவனம்

பழைய வீடு வாங்கி, தோட்டத்தில் பெயர் தெரியாத புதர்களோடு இருப்பவர்கள் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் எங்களுக்கு நடந்தது இது.

மதில் ஓரமாக முன்பிருந்தவர்கள் வளர்த்த புதர்கள் வரிசையாக இருந்தன. என்னென்ன செடி, எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்ல, தோட்டப் பராமரிப்பு செய்யும் ஒருவரை வரவழைத்தோம். பார்வையிட மட்டும் 500 ரூபாய் என்றுதான் பேச்சு. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, அப்பாவிடம் ஒரு புதரைக் காட்டி, "இது கஞ்சா வகை ஐயா, போலீஸ் பார்த்தால் கேஸ் ஆகிவிடும்" என்றிருக்கிறார். போனில் இலையைப் படம் எடுத்து ஏதோ காட்டியிருக்கிறார். அப்பா பயந்துபோய்த் தலையாட்ட, அன்றைக்கே ஆட்களை வைத்து வேரோடு பிடுங்கிவிட்டார்.

அது நொச்சி. சளி பிடித்தால் ஆவி பிடிக்க இலை பறித்துப்போக வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னப்பா, நொச்சியைக் காணோம்?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. கூடவே போனது ஆடாதோடை. ஆடு கூட வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது, இருமலுக்குக் கஷாயம் வைப்பார்கள். வேலி ஓரத்துக்கு அதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை.

நொச்சி இலை மூன்றாகவோ ஐந்தாகவோ விரல் விரித்ததுபோல் இருப்பதால் தூரத்திலிருந்து கஞ்சா மாதிரி தெரியும், உண்மைதான். ஆனால் கிட்டே போனால் குழப்பம் இல்லை. கஞ்சா இலையின் ஓரம் முழுக்க ரம்பப்பல் இருக்கும். நொச்சியில் பெரும்பாலும் அப்படி இருக்காது. இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பாக இருக்கும், கசக்கினால் தைல வாசனை வரும், தண்டு மரம்போல் கெட்டியாக இருக்கும், பூ நீலம் கலந்த ஊதா. செடித் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

எடுக்க வேண்டியதை அவர் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட் பக்கத்தில் நின்ற மஞ்சள் அரளியை "சாமிக்குப் பூ ஆகும்" என்று விட்டுவிட்டார். அதன் விதை இதயத் துடிப்பையே குலைத்துவிடும் விஷம். காய் உருண்டையாக, குழந்தைகள் எடுத்து விளையாடும் அளவில் கீழே விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டில் தங்கையின் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. (யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், காயையும் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.) மூலையில் இருந்த, எங்கும் பரவும் களையான உண்ணிச்செடியைப் பிடுங்கியது மட்டும் சரி.

அப்புறம், காலியான இடத்தில் "ஒரே வருஷத்தில் மதில் உயரம் வரும்" என்று வரிசையாக நட்டது கோனோகார்பஸ். மகரந்தத்தால் சளி, இருமல், ஆஸ்துமா வருகிறது, வேர் கழிவுநீர்க் குழாயையும் கேபிளையும் கெடுக்கிறது என்று 2023இல் குஜராத் அரசு நடத் தடை போட்ட செடி அது. மொத்தம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். சீட்டில் "களை அகற்றல், ஹெட்ஜ் செடி" என்பதைத் தவிர ஒரு செடியின் பெயர்கூட இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.

உங்களிடம் யாராவது அவசரப்படுத்தினால் வெட்ட விடாதீர்கள். பூவும் காயும் வரும்வரை காத்திருந்தால் பாதிச் செடிகளை அக்கம்பக்கத்துப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். மீதிக்கு, பூவோடு ஒரு கிளையை ஒடித்துப் பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டிக் கேளுங்கள். திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமே (உலர்த்திய செடி மாதிரிகளைப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் இடம்) இருக்கிறது. போன் செயலி ஒரு இலையைப் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி வேரைத் தொடாதீர்கள். பால் வடியும் செடியை வெறுங்கையால் ஒடிக்காதீர்கள்.

நட வருகிறவரிடம் ஒவ்வொரு செடிக்கும் தாவரவியல் பெயரோடு பில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.