டெலிகா ஃபோர் வீல் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முதல் வானுக்குக் கீழே படுத்துப் பாருங்கள்

2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்தாலும், வரியைப் பார்த்த பிறகு எங்கட சனம் பழைய வாகனத்தைத்தான் தேடுகிறது. அதிலும் மிற்சுபிசி டெலிகா டி:5 வானுக்குச் சந்தையில் நல்ல கேள்வி. நானும் யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு விற்பனை நிலையத்தில் ஒன்று வாங்கினேன். நான்கு சில்லும் இழுக்கிற ஃபோர் வீல் என்று சொல்லி, அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டு, முன் சில்லு மட்டும் இழுக்கிற வானைத் தந்துவிட்டார்கள். இன்னொரு குடும்பம் இதில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எல்லாம் சரி. ஃபோர் வீலாகச் செய்யப்பட்ட வான்தான். ஓடியும் பார்த்தேன். கியருக்குப் பக்கத்திலுள்ள குமிழை லொக் பக்கம், அதாவது பின் சில்லுக்கும் இழுவை கொடுக்கிற பக்கம், திருப்பினால் மீற்றரில் லைற் எரிந்தது. விற்றவர், "தம்பி, போன கிழமைதான் எங்கட கராஜில அடித்தட்டு முழுக்க அண்டர்கோட் அடிச்சனாங்கள். இனி உப்புக் காத்துக்குப் பயமில்லை" என்றார். அண்டர்கோட் என்பது துருப்பிடிக்காமலிருக்க வாகனத்தின் அடியில் அடிக்கிற பெயின்ற். இந்த வசனத்தை நினைவில் வைத்திருங்கள்.

அப்புறம் ஒரு நாள் மணற்காட்டுப் பக்கம் போனோம். மணலில் வான் தாண்டது. லொக்கில் போட்டு அமத்தினால் முன் சில்லுகள் மணலைக் கிண்டிக் கிண்டி இறங்குகின்றன, பின் சில்லுகள் அசையவே இல்லை. பிள்ளைகளையும் அம்மாவையும் வெயிலில் இறக்கி நிறுத்திவிட்டு, உழவு மெசின் ஒன்றைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தோம்.

கராஜில் உயர்த்திப் பார்த்த மெக்கானிக், "அண்ணை, இதில சாஃப்ற்றே இல்லை" என்றார். முன்னாலிருந்து பின் டிஃபரன்சலுக்கு (பின் சில்லுகளைச் சுற்றுகிற பல்சக்கரப் பெட்டிக்கு) போகிற நீள புரொப்பெல்லர் சாஃப்ற்றை முழுதாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். பின்னுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்பர் பெட்டியின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, சுற்றிவரச் சிலிக்கன் பூசியிருந்தது. சாஃப்ற்றின் நடு பெயாரிங்கைத் தாங்குகிற நட்டு ஓட்டைகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஓட்டைகளுக்குள்ளே, புரியிலே, கறுப்பு அண்டர்கோட் வடிந்து காய்ந்திருந்தது. நட்டு இருந்திருந்தால் அதற்குள் பெயின்ற் போகாது. விற்றவரிடம் கேட்டதற்கு, "எங்களிட்ட வரேக்கையே அப்பிடித்தான் வந்தது, எங்களுக்குத் தெரியாது" என்கிறார். தங்கள் கராஜில் பெயின்ற் அடித்தவர்களுக்கு இவ்வளவு நீளமான சாஃப்ற் இல்லாதது எப்படித் தெரியாமல் போகும்?

ஏன் கழற்றுகிறார்கள்? இந்த வானில் பின் சில்லுக்கு இழுவையைக் கொடுப்பது மின்சாரத்தால் இயங்குகிற, கிளட்ச் மாதிரியான ஒரு கப்ளிங். நான்கு ரயரும் ஒரே அளவில் தேயாவிட்டால், இரண்டு புதுசு இரண்டு பழசு என்று போட்டு ஓடினால், அது ஓயாமல் வழுக்கிச் சூடாகிப் பழுதாகும். பின்னால் ஊளைச் சத்தம் வரும். சாமானைக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேட வேண்டும், விலையும் அதிகம். சாஃப்ற்றைக் கழற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும், வானும் ஓடும். மீற்றர் லைற் காட்டுவது நீங்கள் குமிழைத் திருப்பியதை மட்டும்தான். சாஃப்ற் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

வானில் எனக்குக் கோபம் இல்லை. 2007இல் வந்த இந்த மொடலின் உடம்பு, வளையம் வளையமாக இரும்புச் சட்டம் வைத்துக் கட்டியது. கிரவல் ரோட்டில் கதவுகள் கடகடக்காது. 2.4 லீற்றர் பெற்றோல் மொடல் நிலத்திலிருந்து 210 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். மாரிக்கு வன்னி வயல் பாதையில் இறங்க அது பெரிய உதவி. எட்டுப் பேர் ஏறலாம், கடைசி வரிசைச் சீற்றை இரண்டு பக்கமும் மடித்தால் நெல் மூட்டையும் ஏற்றலாம்.

குறையும் உண்டு. இதற்கு முந்திய ஸ்பேஸ் கியர் டெலிகாவில் இருந்த லோ கியர், அதாவது மெதுவாகக் கூடின இழுவையோடு போகிற கியர், இதில் இல்லை. ஆழமான சுரியில் நெடுநேரம் போராட இது பஜிரோ ஜீப் அல்ல. பெற்றோல் மொடலின் சீ.வி.ரி. (படிப்படியாக மாறாத ஓட்டோ) கியர்ப்பெட்டிக்கு அதற்கென்றே உள்ள ஒயில்தான் விட வேண்டும், கண்டதையும் விட்டால் பெட்டி போய்விடும். ரவுனுக்குள் எனக்கு லீற்றருக்கு 8 கிலோமீற்றர் கிடைப்பதே பெரிது. 1.8 மீற்றர் அகலம் என்பதால் எங்கட ஒழுங்கைகளில் எதிரே ஓட்டோ வந்தால் யாரோ ஒருவர் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். இன்னொன்று, இங்கத்தைக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. றேடியேற்றரில் கூலன்ற்றுக்குப் பதிலாக அதை விட்டு ஓடியிருந்தால் உள்ளே படிந்து அடைத்திருக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், வெள்ளைப் படிவு கண்டால் விலகிவிடுங்கள்.

ஃபோர் வீலுக்கென்று கூடக் காசு கொடுக்கிறவர்கள் வானை குழியிலோ ஹொயிஸ்ற்றிலோ ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், அவர்களுடையவரை நம்ப வேண்டாம். நடுவிலிருந்து பின்வரை சாஃப்ற் போக வேண்டும். பிறகு தளர்ந்த மணலில் லொக் போட்டு எடுக்கச் சொல்லி, வெளியே நின்று பின் சில்லு மணல் வீசுகிறதா என்று பாருங்கள். விற்பனைத் துண்டில் 'ஃபோர் வீல், இயங்கு நிலையில்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்னுடைய துண்டில் அது எழுதியிருந்ததால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுக்க முடிந்தது. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பிந்தினால் எடுக்கமாட்டார்கள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. அதே இடத்தில் வெள்ளை டி:5 ஒன்று 'ஃபோர் வீல்' என்ற மட்டையோடு இப்போது நிற்கிறது. அடித்தட்டு முழுக்கப் புது அண்டர்கோட்.