16கே ஸ்பெக்ட்ரத்துக்கு முதல் டேப்: ஜெட்பேக்

கேசட் டேப்பிலிருந்து கேம் ஏற்றும் 1980-களின் வீட்டுக் கணினி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அதிலும் 16 கிலோபைட் நினைவகம் கொண்ட 16கே மாடல், கையில் இருக்கிறது, முதலில் எந்த கேமைப் போடுவது என்று கேட்பவருக்குத் தயங்காமல் சொல்லலாம்: ஜெட்பேக். 1983-இல் இங்கிலாந்தின் அல்டிமேட் ப்ளே தி கேம் நிறுவனம் 5.50 பவுண்டு விலையில் வெளியிட்டது. நிரல் எழுதியவர் கிறிஸ் ஸ்டாம்பர், படம் வரைந்தவர் டிம் ஸ்டாம்பர்.

16கே என்றாலும் அத்தனையும் கேமுக்குக் கிடைக்காது. திரைக்கே 6912 பைட் போய்விடும், மிச்சம் 9472. எதிரிகள், ராக்கெட்டுகள், ஒலி, மெனு, இருவர் மாறி மாறி ஆடும் வசதி எல்லாமே அதற்குள் அடங்கியாக வேண்டும். அடங்கியிருக்கிறது, திணித்தது போலவும் தெரியவில்லை.

திரையில் மூன்று மேடைகள், கீழே தரை. நாம் ஆட்டுவிக்கும் பறக்கும் வீரன் ஜெட்மேன், ராக்கெட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுக்க வேண்டும். பிறகு மேலிருந்து விழும் எரிபொருளை ஆறு முறை கொண்டுவந்து போட வேண்டும். ராக்கெட்டுக்கு நேர் மேலே வந்தாலே சுமை தானாக இறங்கிவிடும், தனி கீ கிடையாது. நிறைந்ததும் ராக்கெட் மினுக்கும். ஏறினால் அடுத்த கட்டம். அடுத்த மூன்று கட்டங்களில் எரிபொருள் நிரப்புவது மட்டுமே வேலை. ஐந்தாம் கட்டத்தில் புது ராக்கெட்டை மறுபடி அடுக்க வேண்டும்.

நிறத்தைக் கையாண்ட விதம் இந்த கேமின் உச்சம். ஸ்பெக்ட்ரம் திரையில் 8க்கு 8 புள்ளிச் சதுரம் ஒன்றுக்கு இரண்டே நிறம்தான். அதனால் எதிரி பக்கத்தில் வந்தால் ஜெட்மேனின் நிறமும் மாறும். இதை ஒழிக்க முடியாது, ஜெட்பேக்கிலும் உண்டு. ஆனால் ராக்கெட்டைப் பாருங்கள்: மொத்த உயரம் ஆறு சதுரம், எரிபொருளும் ஆறு. ஒன்று போட்டால் கீழிருந்து ஒரு வரிசை கத்தரிப்பூ நிறமாகிறது. படத்தைத் திரும்ப வரையத் தேவையில்லை, நிற பைட்டை மாற்றினால் போதும். இயந்திரத்தின் குறையையே எரிபொருள் அளவுகோலாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து 16கே கேம்களில் இதைவிடச் சிக்கனமான யோசனை அரிது.

எதிரிகள் கட்டத்துக்குக் கட்டம் நடத்தை மாற்றுவார்கள். முதல் கட்டத்து எரிகற்கள் மேடையில் மோதினாலே வெடித்துவிடும், எனவே மேடைக்கு அடியில் நின்று சுடுவது பாதுகாப்பு. நான்காம் கட்டத்து விமானங்கள் ஓரத்தில் காத்திருந்து திடீரெனப் பாயும். அவற்றின் உயரத்துக்கு நேராக நிற்கவே கூடாது. ஐந்தில் வரும் தட்டுகள் துரத்தும். லேசர் பக்கவாட்டில் மட்டுமே போகும் என்பதால் மேலே வருவதைச் சுட முடியாது, விலகத்தான் வேண்டும். திரையின் இடது ஓரம் வலது ஓரத்தோடு சேர்ந்தது. தப்பிக்க அதுவே சுருக்கு வழி. ரத்தினத்துக்கு 250 புள்ளி உண்டுதான், ஆனால் எரிபொருளை விட்டுவிட்டு அதன் பின்னால் போவது உயிரிழக்க நிச்சயமான வழி.

கீகள் வரிசைவாரியாகப் பிரிந்திருக்கின்றன. கடைசி வரிசையில் இடம், வலம் மாறி மாறி. அதற்கு மேல் சுடுவது. அதற்கு மேல் பறப்பது. எண் வரிசை அந்தரத்தில் நிற்க. பழைய ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டு மெம்ப்ரேன் (கீகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) காய்ந்து விரிசல் விட்டால், க்யூ முதல் டி வரை ஐந்து கீ சேர்ந்தாற்போல் செத்துவிடும். அப்போதும் ஒய் முதல் பி வரை அழுத்திப் பறக்கலாம். ஆனாலும் மெம்ப்ரேனை ஒட்டவைக்க முயல வேண்டாம், புதிது வாங்கி மாற்றுங்கள். கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்யும், மெனுவில் 4.

லோட் செய்ய ஜே கீ, பிறகு சிம்பல் ஷிஃப்டோடு பி இரண்டு முறை, என்டர். டேப் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரத்தின் இயர் துளைக்கு ஒயர், வால்யூம் முக்கால் பங்கு. திரை ஓரத்தில் சிவப்பும் இளநீலமும் சீரான பட்டைகளாக ஓடி, பிறகு நீலமும் மஞ்சளும் வர வேண்டும். பட்டையே வராவிட்டால் வால்யூம் போதவில்லை. டேப் லோடிங் எரர் எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் பெரும்பாலும் டேப் தேய்ந்திருக்கும். இடம் மாறி மாறி வந்தால் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், பிறகு ஹெட் சாய்வு ஸ்க்ரூவை ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் வரை மெல்லத் திருப்புங்கள். மொபைலிலிருந்து ஓட்டினால் மோனோ ஒயர் பயன்படுத்தி, நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள். ஒரு மணிச்சத்தம் போதும் லோடிங் கெட.

அடாப்டரில் மிகுந்த கவனம் தேவை: 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், நடு முனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடு பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் போர்டு பழுதாகும்.

குறைகள்: இசை இல்லை, உள்ளிருக்கும் சிறு ஸ்பீக்கரின் பீப்பர் ஒலி மட்டும். முடிவு கிடையாது, கட்டங்கள் சுற்றிச் சுற்றி வரும். அதிகபட்சப் புள்ளி ஒன்றே ஒன்று, மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் போகும்.

இதே நிறுவனத்தின் மற்ற 16கே கேம்களில் ப்ஸ்ஸ்ட் செடி வளர்ப்பு, குக்கி சமையல், ட்ரான்ஸ் ஆம் கார். இரண்டாவதாக ட்ரான்ஸ் ஆம் வாங்கலாம். குக்கி சீக்கிரம் சலிக்கும். ஸ்பெக்ட்ரத்தில் கார்ட்ரிட்ஜ் செருக உதவும் இன்டர்ஃபேஸ் 2 இருந்தால் ஜெட்பேக் ரோம் கார்ட்ரிட்ஜ் தேடுங்கள், போட்டவுடன் ஓடும். இன்றைய கணினியில் ஸ்பெக்ட்ரம் போல் இயங்கும் எமுலேட்டரில் ஆடுபவர்கள் மானிட்டரை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். 60-இல் பறத்தல் விட்டுவிட்டுத் தெரியும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2015-இல் வந்த ரேர் ரீப்ளே தொகுப்பிலேயே இது இருக்கிறது.