கடலுயிர் ஓடுகளின் பளிங்கமைப்பைக் காட்டும் வழுக்கிப் பெட்டி: ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் உயர்தர இரசாயன வகுப்பு நடத்தும் நான், கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளையும் முட்களையும் மெல்லிய சீவல்களாக அரைத்து ஒட்டிய பத்து கண்ணாடி வழுக்கிகளும், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரண்டு முனைவாக்கித் தாள்களும் அடங்கிய பெட்டியொன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தின் ஊடாக வாங்கினேன். பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே, ஒரு தாளை வழுக்கிக்குக் கீழும் மற்றையதை அதற்குச் செங்குத்தாக மேலும் வைத்து, பளிங்குகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் காணலாம் என்பதே விளம்பரம். அது பெரும்பாலும் உண்மைதான்.

கொடுத்த காசுக்குக் கடல் முள்ளெலியின் இரண்டு வழுக்கிகளே போதும். முள்ளைக் குறுக்கே வெட்டிய சீவலைச் சாதாரண ஒளியில் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஆப்புகள் விரிந்து நிற்க, அவற்றினிடையே துளைகள் நிறைந்த வலையமைப்புத் தெரிகிறது. முனைவாக்கிகளுக்கு இடையில் வைத்ததும் அது இருண்டு, எப்படிச் சுழற்றினாலும் அநேகமாக இருண்டே இருக்கிறது. நெடுக்கே வெட்டிய சீவலோ, விரலால் மெல்லச் சுழற்றும்போது, 90 பாகைக்கு ஒரு தடவை முழுவதுமாக அணைந்து, பின் முழுவதுமாக ஒளிர்கிறது. இத்தனை துளைகள் இருந்தும் அந்த முள் ஒளியியல் நோக்கில் மகனீசியம் கலந்த ஒரே கல்சைற்றுப் (கல்சியம் காபனேற்றின் ஒரு வடிவம்) பளிங்காக நடந்துகொள்வதும், பளிங்கின் முதன்மை அச்சு முள்ளின் நீளவாட்டில் அமைந்திருப்பதுமே இதற்குக் காரணம். குறுக்குச் சீவலில் நாம் அந்த அச்சின் வழியே நேராக நோக்குகிறோம், அத்திசையில் கல்சைற்று ஒளியை இரண்டாகப் பிரிப்பதில்லை. பாறையிலுள்ள கல்சைற்றைத் தட்டினால் சாய்சதுர முகங்களாகப் பிளக்கும். முள்ளெலியின் முள்ளோ உடைந்த போத்தல் ஓட்டைப் போன்ற வளைந்த முகத்தையே காட்டும் என்பதையும் கையேடு நன்றாக விளக்குகிறது.

அதே கையேடு முருகைக்கல் விடயத்தில் சறுக்கிவிட்டது. வழுக்கியின் சீட்டிலும் விளக்கத்திலும் கல்சைற்று என்று அச்சிட்டிருக்கிறார்கள்; பாறை அமைக்கும் முருகைகளின் கூடு அரகோனைற்றால் ஆனது. இரண்டும் கல்சியம் காபனேற்றே என்றாலும் அயன்களின் அடுக்கு வேறு, அடர்த்தியும் (கல்சைற்றுக்கு 2.71, அரகோனைற்றுக்கு 2.93 g/cm³) வேறு; இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கென்றே விற்கப்படும் பெட்டியில் இது சிறிய பிழையன்று. வழுக்கி என்னவோ அழகானது: சிறு மையங்களிலிருந்து ஊசிகள் விரிந்து செல்ல, சுழற்றும்போது இருள் ஒரு பட்டையாக அவற்றின் மீது நகர்கிறது.

முத்துச்சிப்பியின் வழுக்கியில் வெளிப்புறம் கல்சைற்றுப் பட்டகங்களும் உட்புறம் அரகோனைற்று அடுக்குகளும் சந்திக்கும் எல்லை தெளிவாகத் தெரிகிறது. ஒரே உயிரி இரண்டு கனிமங்களையும் பக்கம் பக்கமாக வளர்ப்பதை மாணவர்கள் நம்ப மறுத்து மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். ஆனால் உள் அடுக்கின் தகடுகள் ஏறத்தாழ அரை மைக்குரோமீற்றர் தடிப்பே உடையவை என்பதால் இந்த நுணுக்குக்காட்டியில் தனித்தனியே பிரியமாட்டா. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படமொன்றைக் கையேட்டில் சேர்த்திருக்கலாம். கடற்பஞ்சின் சிலிக்கா முட்கள் பளிங்கற்றவை, ஆகவே எத்திசையிலும் இருளாகவே இருக்கும். ஒப்பீட்டுக்கு நல்ல தெரிவு. சங்கு, கணவாய் ஓடு ஆகியவை பரவாயில்லை. எஞ்சியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

தம்பலகாமக் குடாவில் ஒருகாலத்தில் முத்துக்காக எடுக்கப்பட்ட, ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பியான பிளக்குனா இப்பெட்டியில் இல்லாதது எங்களூர்க்காரருக்கு ஒரு குறை. மெல்லிய கல்சைற்று ஏடுகள் அடுக்கடுக்காக அமைந்த அந்த ஓடு, அரகோனைற்று ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டத் தகுந்தது.

கடற்கரையில் முருகைத் துண்டுகளைப் பொறுக்கி நீங்களே அரைத்துப் பாருங்கள் என்று கையேடு தரும் யோசனையை இங்கு எவரும் பின்பற்றக் கூடாது. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவருவது குற்றம். மீன் சந்தையில் கணவாய் வெட்டும் இடத்தில் கேட்டால் ஓட்டைச் சும்மாவே தருவார்கள், அதுவும் அரகோனைற்றுத்தான்.

இன்னுமொன்று, நம் வெயிலில் இரண்டு வழுக்கிகளின் பசைக்குள் குமிழிகள் எழுந்துவிட்டன. பெட்டியைக் குளிரான அலுமாரியில் வைப்பது நல்லது. பிழையான சீட்டைப் பற்றி எழுதியபோது, திருத்திய பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். புதிய வழுக்கி தரவில்லை.