மணிக்கு 400 ரூபாய்க்கு வானத்தில் எண்ணெய் அடித்த கதை

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் ஒரு பெடியன் மூன்று கணினி போட்டு கேம் கடை நடத்துகிறான். ஒன்றில் ஸ்ரிக், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் துரொட்டில் எல்லாம் பூட்டி, போர் விமான சிமுலேட்டர் ஓடுகிறது. மணிக்கு 400 ரூபாய். மகனுக்காகத்தான் போனேன். கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தது நான்.

எனக்குப் பெற்றோல் செட்டில் பன்னிரண்டு வருட வேலை. அதனால், "சண்டை வேண்டாம் தம்பி, பறக்கும்போதே எண்ணெய் அடிக்கிற இடத்தைப் போடு" என்றேன். "அண்ணை, இதில் ஆகக் கஷ்டமே அதுதான்" என்றான். பொய்யில்லை.

எஃப்-18 விமானத்தின் மூக்குக்கு வலப்பக்கத்தில் ஒரு குழாய் வெளியே நீளும். முன்னால் போகிற பவுசர் விமானம் ஒரு ஹோஸை விட்டிருக்கும், அதன் நுனியில் கூடை. குழாயைக் கூடைக்குள் சொருகுவது நம் பொறுப்பு. எஃப்-16 வேறு மாதிரி. விமானியின் முதுகுக்குப் பின்னால்தான் துவாரம். கே.சி-135 பவுசரின் வாலடியில் குப்புறப் படுத்திருக்கும் ஆள் நீண்ட குழாயை இறக்கி அதில் சொருகுவார். இது எங்கள் செட் மாதிரி: நீங்கள் ஒழுங்காக நிறுத்துங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்.

நான் கூடை முறையை எடுத்தேன். முதல் அரை மணித்தியாலம் கூடையையே பார்த்து ஓட்டினேன். அது இடப்பக்கம் ஆட நானும் இடப்பக்கம், அது மேலே போக நானும் மேலே. பெடியன் தோளில் தட்டினான்: "கூடையை மறவுங்கோ, பவுசரைப் பாருங்கோ." பெரிய விமானத்தில் கண்ணை வைத்து, துரொட்டிலை நகத்தளவு நகர்த்தி, நடக்கிற வேகத்தில் கிட்டப் போக வேண்டும். வேகமாக இடித்தால் ஹோஸ் அலைபோல் துள்ளும். மெதுவாகத் தொட்டால் பூட்டாது. மூன்றாவது நாள் பூட்டியது. பதினொரு செக்கன். கரண்ட் போய்விட்டது.

கடையில் எனக்குப் பிடிக்காதது இதுதான், யூ.பி.எஸ். இல்லை. துரொட்டிலும் நடுவில் ஒரு இடத்தில் இறுகுகிறது; இந்த வேலைக்கு அது சரிவராது. ஆனால் சொல்லிக் கொடுப்பதில் பெடியனுக்கு முழுப் புள்ளி. 1923 இல் அமெரிக்காவில் முதல் தடவை செய்தபோது, மேல் விமானம் தொங்கவிட்ட ஹோஸைக் கீழ் விமானத்தில் இருந்தவர் கையால் எட்டிப் பிடித்தார் என்றும் அவன்தான் சொன்னான். கே.சி-46 என்ற புதிய பவுசரின் குழாய் நிமிடத்துக்கு 1,200 அமெரிக்கக் கலன், அதாவது நாலாயிரத்து ஐந்நூறு லீற்றர் தள்ளுமாம். எங்கள் பம்ப் நாற்பது தள்ளினாலே பெரிய விசயம்.

ஜெட்டுக்குள் போவது பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெய் வகை. சிரிப்பு வந்தது. போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது எங்கள் ஐயாவின் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல். அந்தப் போத்தலைத் தொட்டால் அடி விழும்.

போர்க்காலத்தில் இங்கே குண்டு போட்ட கிபிர் விமானங்களைப் பற்றி மகன் கேட்டான், "அப்பா, கிபிருக்கும் இப்படித்தான் அடித்தவையோ?" தேவைப்பட்டிருக்காது என்றேன். கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றர்தானே.

போகிறவர்கள் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் போங்கள், பிறகு இடம் கிடைக்காது. ஹெட்போன் தருவான். நான் போடவில்லை. ஸ்பீக்கரில் வரும் இரைச்சலைக் குறைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் குறைப்பான்.