கிளைடருக்கு மீன்தொட்டிக் குழாய்: 420 யூரோ கொடுத்து ஏமாந்த கதை

புனே ஹடப்சரில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பழகும் நண்பர் ஒருவர், காக்பிட்டில் கருவிகளுக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் குழாய்களை மாற்ற ஆன்லைனில் ஒரு 'செட்' பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் நேற்றுக் கேட்டார். போனில் அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். அவரையல்ல, போன கோடையில் எங்கள் தலையில் மிளகாய் அரைத்த பட்டறையை. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில், ஷ்வேபிஷ் ஆல்ப் மலைப்பக்கம். கிளப்பில் மூன்று பேர் கூட்டாக ஒரு பழைய ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் கிளைடர் வைத்திருக்கிறோம். 1969ல் முதலில் பறந்த மாடல். எங்களுடையது எழுபதுகளில் செய்தது. கருவிப் பேனலுக்குப் பின்னால் ஓடும் பிவிசி குழாய்கள் மஞ்சள் பூத்து, விறைத்து, முனைகளில் வெடிப்பு விட்டிருந்தன. நாங்களே மாற்றியிருக்கலாம். மூவருக்கும் சோம்பல். 'விமானத் தரக் குழாய், பொருத்தும் கூலி, கசிவுச் சோதனை எல்லாம் சேர்த்து 420 யூரோ' என்றது ஒரு பட்டறை. கொடுத்தோம். 'கசிவுச் சோதனை: சரி' என்று முத்திரை குத்திய தாளும் கைக்கு வந்தது.

முதல் பறப்பு என்னுடையது. இழுத்துப்போன விமானத்தின் பைலட் ரேடியோவில் '120ல் போகிறேன்' என்கிறார். என் வேகமானி 95 காட்டுகிறது (இரண்டும் மணிக்கு கி.மீ.). அவருடைய மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். புதுக் குழாய் போட்டவனுக்கு இருக்கும் திமிர் அது. கயிற்றை விட்ட பிறகு கட்டுப்பாட்டுக் கட்டையைச் சற்றுப் பின்னால் இழுத்தாலே வேரியோ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) நொடிக்கு 3 மீட்டர் ஏற்றம் காட்டியது. காற்றில் ஏற்றமே இல்லை. வேகத்தை உயரமாக மாற்றியதைத்தான் முள் ஏற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்படி வேகம் மாறுவதால் வரும் போலி ஏற்றத்தைக் கழிக்கிற டோட்டல் எனர்ஜி குழாய் சரியாக இருந்தால் இந்தப் பொய் அடங்கியிருக்கும். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இறங்கும்போது முள்ளை 95லேயே வைத்து வந்தேன், உண்மையில் 120 சொச்சத்தில். தரையைத் தொடாமல் மிதந்து மிதந்து போய், ஓடுபாதை முடிய ஐம்பது அடி இருக்கும்போது நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காடு.

அன்று மாலை பேனலைக் கழற்றினோம். பிட்டோவிலிருந்து (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்காகப் பிடிக்கும் முனை) வரும் குழாய், டி-இணைப்பு அருகே நீளவாக்கில் கிழிந்து வாய் பிளந்திருந்தது. பிடிப்பு போதாதென்று மேலே பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். மெல்லிய குழாயில் டை போட்டால் சுவர் ஓரிடத்தில் சுருங்கி மடியும். காற்று அந்த மடிப்பு வழியே போகும். பேனலைத் திறந்து வைத்தபோது ஒழுங்காக வளைந்திருந்த இன்னொரு குழாய், பேனலை அதன் இடத்தில் வைத்துத் திருகியதும் உறிஞ்சுகுழல் மடிவதுபோல மடிந்தது.

ஒரு துண்டை வெட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேசையில் கிடந்ததைப் பார்த்த என் மகன், "அப்பா, நம்ம மீன்தொட்டிக் குழாய் எதுக்கு இங்க?" என்றான். அளந்து பார்த்தேன். உள்ளே 4, வெளியே 6 மில்லிமீட்டர். செல்லப்பிராணிக் கடையில் காற்றுப் பம்புக்கு விற்கிற அதே சிலிகோன் குழாய்! எங்கள் கருவிகளின் நிப்பிளுக்கு (குழாய் மாட்டும் மூக்கு) உள்விட்டம் 5 மி.மீ. உள்ள குழாய் வேண்டும், சுவர் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 4ஐ இழுத்துப் பிடித்து மாட்டினால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். பிறகு கிழியும்.

'சின்னக் கசிவுதானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வேகமானிக்குக் கிடைக்கும் அழுத்தம் 4.7 ஹெக்டோபாஸ்கல்தான். தண்ணீர்க் கணக்கில் 48 மி.மீ., அதாவது இரண்டரை விரற்கடை. இவ்வளவு நோஞ்சான் அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டையும் முள்ளைக் கீழே இழுக்கும். வேரியோ பக்கம் குழாய் தொளதொளவென்று இருந்தால் வேறு தொல்லை: காற்றில் குலுங்கும்போதெல்லாம் சுவர் விரிந்து சுருங்கி முள் ஆடும்.

குழாயாவது போகட்டும். பழைய குழாயைக் கழற்ற பிளேடு போட்டிருக்கிறார்கள், அதுவும் நிப்பிளின் மேலேயே. வேகமானியின் நிப்பிளில் நீளவாக்கில் ஒரு கீறல், நகத்தால் தடவினால் தட்டுகிறது. எவ்வளவு நல்ல குழாய் போட்டாலும் அந்தக் கீறல் வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும். கருவியைத் தனியாக அனுப்பிச் சரிசெய்ததில் குழாய்க்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவு.

மறுபடி மாற்றியது நாங்களே, ஒரு சனிக்கிழமையில். பிவிசி முனையை வெந்நீரில் முக்கினால் தானாக வழுக்கிக்கொண்டு ஏறும். எண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். சோதனைக்கு ஒரு 20 மில்லி சிரிஞ்ச், ஒரு டி-இணைப்பு, U போல வளைத்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் சாயத் தண்ணீர். பிட்டோ பக்கம் சிரிஞ்சை மெல்ல மெல்ல அழுத்தி, U-வின் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 108 மி.மீ. வந்தால் முள் 150ல் நிற்க வேண்டும். அங்கே குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும். புதுக் குழாயில் முள் ஒரு நிமிடம் அசையவில்லை. பட்டறை போட்ட குழாயில் நான்கு நொடியில் பூஜ்யம். வாயால் மட்டும் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போய்க் கருவி கெட்டுப்போகும். ஸ்டாட்டிக் பக்கத்தை (வெளிக்காற்றின் சாதாரண அழுத்தம் வரும் குழாய்) சோதிக்கும் முன் வேரியோவைக் கழற்றிவிடுங்கள்.

அந்த நான்கு நொடியைப் படம்பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். 'சோதனையில் முள் எவ்வளவு நேரம் எங்கே நின்றது, குறித்து வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டேன். 'சரி என்று எழுதியிருக்கிறதே' என்றார் முதலாளி. கிழிசல் 'தேய்மானம்' என்றார். ஒரே ஒரு பறப்பில் தேய்ந்ததாம். கடைசியில் 150 யூரோ திரும்பி வந்தது. கீறலை ஒப்புக்கொள்ளவே இல்லை. வேலைக்கு முன்பு நிப்பிள்களைப் படமெடுத்து வைக்காதது எங்கள் முட்டாள்தனம்.

ஹடப்சர் நண்பர் அனுப்பிய படத்தில் குழாய்கள் நான்கு வண்ணத்தில் பளபளவென்று இருந்தன. விட்டம் எங்கேயும் போடவில்லை. விற்பவரிடம் கேளுங்கள் என்றேன். 'எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் சார்' என்று பதில் வந்திருக்கிறது.