விற்கும் வீட்டை அலங்கரிக்கலாமா, அப்படியே காட்டலாமா?

மேற்கு மாம்பலத்தில் அப்பாவின் அடுக்குமாடி வீட்டை விற்க முடிவு செய்தபோது எங்களுக்கு மூன்று வழிகள் சொன்னார்கள். குடியிருக்கும் கோலத்திலேயே காட்டுவது, முழுவதும் காலி செய்து வண்ணம் பூசிக் காட்டுவது, சோபாவும் திரைச்சீலையும் வாடகைக்கு எடுத்து மாதிரி வீடு போல அலங்கரித்துக் காட்டுவது.

எந்த வழி என்று யோசிக்கும் முன் கட்டடத்தின் வயதைப் பாருங்கள். சென்னையில் முப்பது, நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய குடியிருப்புகளில் பெரும்பாலும் பிரிபடாத நிலப் பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்குரிய பங்கை, வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். இடித்துக் கட்ட நினைப்பவருக்குச் சுவரின் நிறம் எதற்கு? அங்கே அலங்காரம் வீண் செலவு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள், போதும்.

குடியேற வருபவர் பார்ப்பது வேறு. வீட்டு விலைக்கு மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகத் தமிழ்நாட்டில் பொதுவாக 9 சதவீதம் அவர் கட்டியாக வேண்டும். கையைக் கடிக்கும் நேரத்தில், "இதற்கு மேல் இன்னும் எவ்வளவு செலவு வைக்கும்?" என்றுதான் ஒவ்வொரு அறையையும் அளப்பார். வாடகை சோபா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு மாதிரி வீடு பொருந்தும். ஒன்றைக் காட்டி நூறு வீடுகளை விற்கிறார்கள். ஒற்றை வீட்டை விற்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

முழுவதும் காலி செய்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெற்று அறை கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறது. பத்துக்குப் பத்து அறையில் கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்குமா என்று வந்தவர்கள் தயங்கினார்கள். அப்பாவின் கட்டிலையும் சாப்பாட்டு மேசையையும் திரும்பக் கொண்டுவந்து போட்ட பிறகு அந்தக் கேள்வி எழவே இல்லை. என் தீர்ப்பு இதுதான்: வீட்டைப் பாதி காலி செய்யுங்கள், பழுதை முழுவதும் சரிசெய்யுங்கள்.

பழுதில் முதலிடம் ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஊறும் ஈரத்துக்கு. குளியலறையை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. பட்டி பார்த்து மேலே வண்ணம் அடித்துவிட்டால் இரண்டு மாதம் தாங்கும் என்றார் பெயின்டர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிந்தே மறைக்கக் கூடாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், இன்னொரு குடும்பத்தின் தலையில் அதைக் கட்ட மனம் வரவில்லை. ஓடு பெயர்த்துக் குழாயை மாற்றி, சுவர் காயும்வரை மூன்று வாரம் காத்திருந்தோம்.

பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மூத்த அம்மா ஒருவர் வேறெதையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றார். குழாய் மாற்றிய ரசீதை எடுத்து நீட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்த பிறகுதான் சமையலறைக்குள் நுழைந்தார்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். ஆடியில் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு. பழுது பார்க்க அது தோதான மாதம். ஐப்பசி மழைக்கு முன் சுவர் காய்ந்துவிடும். நாங்கள் ஆவணி முதல் வாரத்திலிருந்து, கிழக்கு ஜன்னலில் வெயில் விழும் காலை நேரங்களில் மட்டும் வீட்டைக் காட்டினோம்.