ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5,750 ரூபாய்: கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன மாதம் நான் ஏமாந்ததை எழுதுகிறேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஆள் செய்துவைத்த வேலையால் கார் தீப்பிடித்திருக்கும், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவு நேரத்தில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிற யாருக்கும் இது நடக்கக்கூடாது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனை. மதுரையில் காட்டிவிட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். 2014 மாடல் வேகன் ஆர். நான்தான் ஓட்டினேன், பின் சீட்டில் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். விருதுநகர் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. ரோடு ஒரு பக்கம் மங்கலாகத் தெரிகிறதே என்று ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வலது பக்க ஹெட்லைட் எரியவில்லை. அதுவும் டிம்மில் மட்டும்தான் எரியவில்லை. பிரைட் போட்டால் இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்று வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒற்றை லைட்டோடு போனால் எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்துவிடுவார். பிரைட்டிலேயே திருநெல்வேலி வரை போனால் எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசும். என்ன செய்வது என்று யோசித்தபோது, கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை இருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

கடையில் முப்பது வயதிருக்கும் ஒருவர். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். லைட்டை டிம்மிலும் பிரைட்டிலும் போடச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா, இது பல்பு இல்ல. பல்பு போயிருந்தா பிரைட்டும் எரியாதுல்ல? வயரிங் ஷார்ட் ஆயிருக்கு, ரிலேவும் போச்சு. இப்படியே ஓட்டுனா பானெட்ல தீ பிடிச்சிரும்."

தீ என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா பயந்துவிட்டார். "என்ன செலவானாலும் சரி பண்ணிட்டே போவோம்டி" என்றார். எனக்கும் அவர் சொன்ன காரணம் சரியாகத்தான் பட்டது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் பிரைட் எப்படி எரியும்? "நீங்க அங்க போய் உக்காருங்கக்கா, இங்க கொசு கடிக்கும்" என்றார். கடைக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் காரை விட்டு நகர்ந்திருக்கவே கூடாது.

ஒரு மணி இருபது நிமிடம் கழித்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ரிலே 950, வயரிங் கிட் 1,400, பவர் பல்பு ஒரு ஜோடி 1,300, சுவிட்ச் கிளீனிங் 600, கூலி 1,500. மொத்தம் 5,750. பிரிண்ட் பில் கேட்டேன், "சிஸ்டம் ஆஃப் ஆயிருச்சுக்கா" என்றார். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன், "எல்லாம் கருகிப்போச்சு, குப்பைல போட்டாச்சு" என்றார். போனிலேயே பணம் அனுப்பிவிட்டுக் கிளம்பினோம். லைட் முன்பைவிட அதிக வெளிச்சமாக இருந்தது. அதைப் பார்த்து, காசுக்கேற்ற வேலை என்று சந்தோஷம்கூடப் பட்டேன். எதிரே வந்த லாரிகள் எல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டின. டிம்மில்தானே போகிறோம், ஏன் அடிக்கிறார்கள் என்று புரியவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் ராத்திரி பாளையங்கோட்டைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகுகிற வாடை. முதலில் வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றினாலும் வாடை போகவில்லை. இடது ஹெட்லைட் இரண்டு முறை மினுக்கி அணைந்தது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ஹெட்லைட்டின் பின்னாலிருந்து மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையில் அவரையே வீட்டுக்கு வரச்சொன்னேன். பல்பின் பின்னால் மாட்டும் ஹோல்டரை இழுத்தார், வரவில்லை. குறடு வைத்துத் திருகியதும்தான் வந்தது. பல்பின் மூன்று தகட்டுக் கால்களிலும் பிளாஸ்டிக் உருகி, ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு, பழுப்பேறி இறுகிப்போயிருந்தது. பல்பின் உலோக அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். 12 வோல்ட், 100/90 வாட் என்று பொறித்திருந்தது.

"வண்டிக்கு உள்ளது 60/55 தாயி. இந்த பல்பு போடணும்னா பேட்டரியில இருந்து தனியா தடிமனான வயர் இழுத்து ரிலே வைக்கணும். அந்தக் கிட்டுக்குத்தான் உங்ககிட்ட காசு வாங்கியிருக்கான். கிட்டு எங்க?"

கிட் எங்கேயும் இல்லை. பழைய வயர் மேலேயே முக்கால் அடி நீளத்துக்குப் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. ரிலே அதே பழைய ரிலே. அதன் மேல் படிந்திருந்த பத்து வருடத் தூசியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. ஆனால் ஃபியூஸ் பெட்டியில் மட்டும் கை வைத்திருக்கிறார். மூடியின் உட்பக்கம் ஹெட்லைட்டுக்கு 15 என்று போட்டிருக்கிறது, உள்ளே பச்சை நிறத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தன. இதைப் பார்த்ததும்தான் அண்ணாச்சிக்கே கோபம் வந்தது.

கணக்கு சிம்பிள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் டிம் இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர். 90 வாட் இழுப்பது 7.5. அதே வயர், அதே ஹோல்டர், ஒன்றரை மடங்குக்கு மேல் கரண்ட். ஹோல்டர் உருகாமல் என்ன செய்யும்? வயர் சூடாகி எங்காவது ஷார்ட் ஆனால் முதலில் ஃபியூஸ் போக வேண்டும், அது இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். 30 ஆம்பியர் போட்டுவிட்டால் ஃபியூஸ் போவதற்கு முன்னால் வயர் எரிய ஆரம்பித்துவிடும். லாரிக்காரர்கள் ஏன் லைட் அடித்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. தெரியாமலேயே நூறு கிலோமீட்டர் தூரம் எதிரே வந்தவர்கள் கண்ணைக் கூசவைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி 60/55 பல்பு இரண்டு, ஹோல்டர் இரண்டு, சரியான ஃபியூஸ் எல்லாம் போட்டு, கூலியோடு 950 ரூபாய் வாங்கினார். அதில் பல்பு மட்டும் ஒன்று 190 ரூபாய். அன்று ராத்திரி விருதுநகர் தாண்டி எனக்கு வேண்டியிருந்தது அந்த 190 ரூபாய் பல்பு ஒன்றுதான்.

இப்போது அந்த டிம் பிரைட் விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் ஹாலஜன் ஹெட்லைட் உள்ள சின்னக் கார்கள் நிறைய பேரிடம் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலும் ஹெச்4 என்ற பல்புதான். இதற்குள் இரண்டு இழை இருக்கிறது. ஒன்று டிம்முக்கு, இன்னொன்று பிரைட்டுக்கு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டிக் கரண்டி மாதிரி உலோகத் தகடு தெரியும், வெளிச்சம் எதிராளி கண்ணுக்குப் போகாமல் மறைப்பது அதுதான். ஊருக்குள் நாம் ஓட்டுவதெல்லாம் டிம்மில். அதனால் டிம் இழைதான் பெரும்பாலும் முதலில் அறுந்துபோகும். பிரைட் இழை அப்படியே இருக்கும். ஆக, பிரைட் எரிந்து டிம் மட்டும் ஒரு பக்கம் எரியவில்லை என்றால் நீங்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்பைத்தான். அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு அதை வைத்தே பொய் சொன்னார்.

பல்பா வயரா என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. இடது பல்பைக் கழற்றி வலது பக்கமும், வலது பல்பை இடது பக்கமும் மாற்றி மாட்டுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் பல்புதான் போயிருக்கிறது. அதே பக்கத்திலேயே நின்றால் ஃபியூஸ், ஹோல்டர், வயர் என்று பார்க்கலாம். நிறைய கார்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும். ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியில் எழுதியிருப்பதைவிடப் பெரியதை யார் சொன்னாலும் போட விடாதீர்கள்.

கழற்றுவதும் பெரிய வித்தையில்லை. அண்ணாச்சி எனக்கு ஒரு பக்கம் செய்து காட்டினார், மறுபக்கத்தை நானே செய்தேன். லைட்டை அணைத்து, சாவியை எடுத்து, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பைத் தொட்டால் கை பொத்துவிடும். பின்னால் இருக்கும் ஹோல்டரை, வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் உடம்பைப் பிடித்து லேசாக ஆட்டி நேராக இழுக்கவும். அப்புறம் ரப்பர் மூடியை உரித்தெடுத்தால் ஒரு கம்பி கிளிப் தெரியும். அதை அழுத்தி ஒரு பக்கமாகத் தள்ளினால் பல்பு கையோடு வந்துவிடும். பேட்டரி இருக்கும் பக்கம் கை நுழைய இடம் குறைவு, பொறுமை வேண்டும். எனக்கு அந்தக் கிளிப்பை மாட்டவே பத்து நிமிடம் ஆனது.

வெளியே எடுத்த பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போன பல்பில் இழை நடுவில் அறுந்து முனை தொங்கும், சிலவற்றில் கண்ணாடியே உள்ளே கறுத்திருக்கும். சில சமயம் அறுந்தது கண்ணுக்குத் தெரியாது, அப்போது மேலே சொன்ன மாற்றி மாட்டும் வழிதான்.

புதுப் பல்பின் கண்ணாடியில் மட்டும் விரல் படவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். உலோக அடியைப் பிடித்து மாட்டுங்கள், தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். அடித்தகட்டில் மூன்று காது இருக்கும், ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். ரப்பர் மூடியை மறக்காமல் முழுக்கப் பொருத்த வேண்டும், மேல் பக்கம் எது என்று அதிலேயே குறி இருக்கும். அதைச் சரியாகப் போடாவிட்டால் மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் கெட்டுவிடும். பல்பு வாங்கும்போது அட்டையில் 12 வோல்ட் 60/55 வாட் என்று இருக்கிறதா என்று நீங்களே வாசியுங்கள். "பவர் பல்பு", "ரேலி பல்பு" என்று எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்ற லைட்டுகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக டிக் டிக் என்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம், இறங்கிப் பார்த்தாலே எது என்று தெரியும். பிரேக் லைட்டை ஆள் துணையில்லாமல் பார்க்க, ராத்திரியில் வண்டியைப் பின்பக்கமாகச் சுவரை ஒட்டி நிறுத்தி பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழ வேண்டும். ஒரு பக்கம் விழவில்லை என்றால் பல்பு. ஒன்றுமே விழவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச்.

அந்தக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க வண்டி வயர் வீக்கா இருந்திருக்கும்கா" என்றார். ரிலேயின் போட்டோவும் ஃபியூஸின் போட்டோவும் அனுப்பினேன், அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கலாம். ஆனால் என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டும், ஒரு தனிநபர் பெயருக்குப் போன பணத்தின் ரசீதும்தான். பில் இல்லாமல் பணம் கொடுத்தது என் தவறு. அதனால் வழியில் எங்கே வேலை கொடுத்தாலும் வண்டி பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றியதை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லி அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், கடைப் பெயர் போட்ட பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பழைய பல்பைக் கேட்டாலே பாதிப் பொய் நின்றுவிடும் என்று அண்ணாச்சி சொன்னார். என் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டில் இடது பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு. அதுவும் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த மாதம் அம்மாவை மறுபடி மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். டேஷ்போர்டில் ஒரு ஹெச்4 பல்பு, இரண்டு நீல ஃபியூஸ், ஒரு டார்ச், ஒரு பழைய பருத்தித் துணி வைத்திருக்கிறேன்.